தறிப் பெட்டி பற்றி நான் எழுதிய இரண்டு அறிக்கைகள்

நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி போன மாதம் நம் புதிய நிர்வாகி என்னைக் கேட்டார். வேலைக்குச் சேரும் உங்களுக்கு, படங்களோடு பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொடுக்கப் போகிறாராம். ஒரு நிறுவனம் திடீரென்று தன் வரலாற்றை அச்சடிக்கக் கிளம்பினால், அதை யாருக்கோ விற்கப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். அவரிடமே அதைக் கேட்டேன். சிரித்தார். சிரிப்பு பதிலாகாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்று நான்கு வருஷமாகியும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை.

படங்களுக்கு நடுவே வைக்கத் தோதான வரலாறு என்னிடம் இல்லை. நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னாலே நம் வரலாறு பாதிக்கு மேல் வந்துவிடும். அச்சடிப்பதும் அடிக்காததும் அவர் பாடு.

நம் நிறுவனத்தைத் தொடங்கியவர் சங்ககிரியில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளராக இருந்தவர். லாரிக்குக் கடன் கொடுத்தே அலுத்துப்போனவர். வேலையை விட்ட பிறகும் எல்லாரும் அவரை மேனேஜர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். நான் அப்போது திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டும் பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். வெல்டிங் வைத்த இடத்தையெல்லாம் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு, தேறாததற்குச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். வெல்டர்கள் அத்தனை பேரும் என்னை வெறுத்தார்கள். அதுதான் என் தகுதி என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஆரு மேலயும் நம்பிக்கையே கெடையாதாமா?" என்று கேட்டார்.

"கெடையாதுங்க."

"அப்பச் சரி. ஒண்ணாந் தேதி வந்துருங்க."

சேலத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேல் மாடி. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், ஆராய்ச்சி. அந்தப் பக்கம் மேனேஜர், டீல். அந்தக் காலத்தில்தான் நம் பக்கத்தில் ஆளாளுக்கு ஏதாவது கருவி செய்யத் தொடங்கியிருந்தார்கள். லாரி எங்கே நிற்கிறது என்று காட்டுவது, டீசல் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது, கோழிப்பண்ணைக் கொட்டகையின் சூட்டைப் போனுக்கு அனுப்புவது. செய்கிறவர்களிடம் மூளை இருந்தது, முதல் இல்லை. முதல் இருந்த பெங்களூர், சென்னைக்காரர்களுக்கு எடப்பாடி எந்தத் திசை என்றே தெரியாது. அந்தக் கம்பெனிகளைத் தோண்டித் துருவி அறிக்கை எழுதுவது என் வேலை. அறிக்கை தேறினால் முதலீட்டாளரைக் கூட்டி வந்து உட்காரவைப்பது மேனேஜர் வேலை. டீல் முடிந்தால்தான் எங்களுக்கு வருமானம். அறிக்கை கெட்டதாக இருந்தால் டீல் இல்லை. இதை ஒரே கூரைக்குக் கீழ் நடத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நானும் மேனேஜரும் ஒன்றாக டீ குடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். அவர் முனைக்கடைக்குப் போனால் நான் எதிர்க்கடைக்குப் போவேன். பார்த்தவர்கள் எங்களுக்குள் சண்டை என்று பேசிக்கொண்டார்கள்.

இனி அழைப்பிதழ் பெட்டிகளுக்கு வருகிறேன். பழைய ஆவண அறையில் ஊர் ஊராகப் பெயர் ஒட்டி அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சங்ககிரி, எடப்பாடி, ஜேடர்பாளையம், திருச்செங்கோடு. உள்ளே முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ்கள். எதற்கு என்று உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டார். நாங்கள் பிழைத்ததே அதனால்தான்.

முதல் வருஷம் சங்ககிரியில் டீசல் கருவி விற்கும் ஒரு கம்பெனி வந்தது. வாடிக்கையாளர் பட்டியலில் பெரிய பெரிய லாரி முதலாளிகள். எல்லாம் சரியாக இருந்தது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரம் மேனேஜர் வீட்டுக்கு அந்தக் கம்பெனிக்காரரின் புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ் வந்தது. நம் பக்கத்து அழைப்பிதழ் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அழைக்கிறவர் பெயர் ஒரு வரி, 'தங்கள் நல்வரவை நாடும்' என்று போட்டு சொந்தக்காரர் பெயர் இரண்டு பக்கம். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஊர், செய்யும் தொழில், கடையின் பெயர். பட்டியலில் இருந்த லாரி முதலாளிகளில் மூன்று பேர் அந்த அழைப்பிதழில் மாமன், மச்சான் வரிசையில் இருந்தார்கள். அதில் ஒருவர் பெயருக்குக் கீழே பேக்கரி என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தோம். பேக்கரிதான், நல்ல தேங்காய் பன், ஆனால் ஒரு லாரியும் கிடையாது. அறிக்கையில் எழுதினோம். போட இருந்த பணத்தை முதலீட்டாளர் நிறுத்திக்கொண்டார். மறு மாதமே அந்தக் கம்பெனி கதவைச் சாத்தியது. ஒரே நாளில் எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அழைப்பிதழைக் கொண்டுவந்து பெட்டியில் போட வேண்டும் என்று விதி. ஒரு கம்பெனி வந்தால், அதன் வாடிக்கையாளர் பட்டியலை ஒரு கையிலும் அந்தக் குடும்பத்து அழைப்பிதழை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பென்சிலால் டிக் போடுவேன். டிக் கூடக் கூட, கம்பெனியின் மதிப்பு என் கணக்கில் இறங்கும். இந்த வித்தையை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள் என்று எனக்குப் பெருமை வேறு.

இப்போது மரகதத்துக்கு வருவோம். எடப்பாடிக்காரர். முப்பத்தெட்டு வயது இருக்கும். விசைத்தறியில் மாட்டும் ஒரு பெட்டி செய்தார். நூல் அறுந்தால் தறியை அந்த நொடியே நிறுத்தும். எந்தத் தறி எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று பட்டறைக்காரரின் போனில் காட்டும். தறி ஓட்டியவர்களுக்குத் தெரியும், நூல் அறுந்தது தெரியாமல் நான்கு விரற்கடை நெய்துவிட்டால் அந்தத் துணி வீண். பெட்டியைச் செய்ய எட்டுப் பெண்களை வைத்திருந்தார். கோயம்புத்தூரில் தறி செய்யும் ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். தன் பெட்டி தன் கையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்களிடம் வந்தார்.

"இந்தப் பணம் வந்துருச்சுன்னா சொந்தமா நிப்பனுங்க. வரலீன்னா கோயமுத்தூர்க்காரருக்குக் குடுத்துப்போட்டு அவிங்ககிட்டயே சம்பளத்துக்குப் போகோணும். வேற வழி இல்லீங்க," என்று முதல் நாளே மேனேஜரிடம் சொன்னார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

மேனேஜர் பெங்களூரில் ஒரு முதலீட்டாளரைப் பிடித்தார். கையெழுத்துப் போட அவர் ஒரு திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்குள் என் அறிக்கை போக வேண்டும். மரகதத்திடம் நாற்பத்தொரு பட்டறைக்காரர்கள் பெட்டி வாங்கியிருந்தார்கள். எடப்பாடிப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். மரகதத்தின் அப்பா பெயரும் ஊரும் கம்பெனிப் பத்திரத்தில் இருந்தது. அதே பெயர், அதே ஊர், ஓர் அழைப்பிதழ் கிடைத்தது. மரகதத்தின் தம்பி கல்யாண அழைப்பிதழ், இரண்டு வருஷம் முந்தியது. எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் யார் மூலமோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பெட்டியில் போட்டிருக்கிறார். உட்கார்ந்து டிக் போட்டேன். நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் அந்த அழைப்பிதழில் இருந்தார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமன், ஒன்றுவிட்ட அண்ணன்மார். சங்ககிரி பேக்கரி மறுபடியும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேரில் பார்க்காமல் எழுதுவதில்லை. எடப்பாடிக்குப் போனேன். டிக் போட்டவர்களில் மரகதத்தின் சித்தப்பா பட்டறைக்குள் முதலில் நுழைந்தேன். பன்னிரண்டு தறி. உள்ளே நின்றால் நம் பேச்சு நமக்கே கேட்காது. வெளியே வேப்பமரத்தடிக்கு அவரைக் கூட்டி வந்து கேட்டேன்.

"மரகதம் உங்களுக்கு என்ன முறைங்க?"

"எந்த மரகதம்?"

"இந்தப் பெட்டி செய்யறவங்க."

அவர் முகம் இறுகிவிட்டது. "அப்பிடி ஒருத்தரு எங்க சொந்தத்துல கெடையாதுங்க. பொட்டி ஓடுது, வேணும்னா பாத்துக்கங்க. வேறெதுவும் கேக்காதீங்க."

அழைப்பிதழில் அவர் பெயர் இரண்டாவது வரியில் இருக்கிறது. பெற்ற அப்பனின் உடன்பிறந்த தம்பி. அண்ணன் மகளைத் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். உறவை மறைக்கிறார் என்று நோட்டில் எழுதினேன். இன்னும் நான்கு பட்டறைகளில் கேட்டேன். ஒருவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒருவர் தெரியாது என்றார். ஒரு பாட்டையா, "அந்தப் பேச்சு இங்க எடுக்காதீங்க சாமி," என்று கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் மறைக்கிறார்கள் என்று எழுதினேன். எல்லாப் பட்டறையிலும் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதை எழுதவில்லை.

பில்களைப் பார்த்தபோது சந்தேகம் இன்னும் முற்றியது. மற்ற இருபத்திரண்டு பேரும் தங்கள் பெயரில் வாங்கியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பத்தொன்பது பேருக்கும், வாடிக்கையாளர் பட்டியலில் அவரவர் பெயர் இருந்தும், பில் ஒரே ஆள் பெயரில் இருந்தது. சங்ககிரியில் லாரிக்கு எலெக்ட்ரிக் வேலை செய்கிறவர். அவரைத் தேடிப் போனேன். ஒரு லாரியின் டேஷ்போர்டைக் கழற்றிவைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டிருந்தார். தலையை எடுக்காமலே பேசினார்.

"எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் அந்தம்மாகிட்ட வாங்கிட்டுப் போயி மாட்டி உட்டுட்டு வந்துருவனுங்க."

"அவங்களே நேரா வாங்கினா என்ன?"

"அத நீங்க அவிங்களத்தானுங்க கேக்கோணும். எனக்கு எதுக்குங்க ஊரு வம்பு?"

நடுவில் ஒரு ஆள், ஒரே பெயரில் பில், உறவே இல்லை என்று சாதிக்கும் உறவினர்கள். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சேலம் வரும் பஸ்ஸிலேயே அறிக்கையின் முதல் பாதியை எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை காலை மேனேஜர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். அவர் அப்படி வருவதே இல்லை.

"ஒருக்கா அந்தப் புள்ளயவே கூப்புட்டுக் கேட்டுப்போடுங்க."

"கேட்டா முழிச்சுக்குவாங்க. ஒரு கதை தயார் பண்ணிருவாங்க."

"பண்ணட்டுமே. கதை எப்பிடி இருக்குதுன்னு கேக்கலாமில்ல?"

"அறிக்கை போற வரைக்கும் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு விதி. நீங்களும் நானும் போட்டதுதானுங்களே."

டீல் முடிந்தால் வருமானம் அவர் பக்கத்துக்கு. அதனால்தான் வந்து நிற்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். வியாழக்கிழமை அறிக்கை பெங்களூர் போயிற்று. 'விற்பனையில் ஏறக்குறைய பாதி உறவினர்களுக்குச் செய்தது, அதை மறைக்க இடைத்தரகர் பயன்படுத்தப்பட்டிருக்கிறார், உறவினர்கள் உறவையே மறுக்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று அப்போது சத்தியம் செய்திருப்பேன். வெள்ளிக்கிழமை முதலீட்டாளர், திங்கட்கிழமை தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மரகதம் வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறிக்கையைப் படிக்கலாமா என்று கேட்டார். அனுப்பிய பிறகு கம்பெனி படிக்கலாம் என்பது விதி. கொடுத்தேன். நின்றுகொண்டே மூன்று பக்கமும் படித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி கல்யாணப் பத்திரிகைன்னு எழுதியிருக்கீங்க. அது இங்க இருக்குதுங்களா?"

எடுத்து நீட்டினேன். வாங்கியவர் உட்கார்ந்துவிட்டார். மேலட்டையில் இருந்த பிள்ளையாரை ஒரு தரம் தடவினார். முதலிலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். அவர் படித்த விதத்தைப் பார்த்தபோதுதான் என் அறிக்கை மேலேயே எனக்கு முதல் முதலாகச் சந்தேகம் வந்தது. பழைய அழைப்பிதழை யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள்.

"நான் இதப் பாத்ததே இல்லீங்க," என்றார். "பொண்ணு பேரு இதானா? நல்ல பேரு."

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவர் அழைப்பிதழைத் திருப்பி என் பக்கமாக மேஜையில் வைத்தார்.

"பத்தொம்பது பேருக்குக் குறி போட்டிருக்கீங்க. எம் பேரு எங்கீங்க இருக்குது? கொஞ்சம் தேடிச் சொல்லுங்க."

தேடினேன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான் இணைச்சீர் செய்ய வேண்டும். கூடப் பிறந்தவள் இருக்கும்போது அவளில்லாமல் அந்தச் சடங்கு நடக்காது. மாப்பிள்ளையின் அக்கா, மாமா பெயர் முதல் வரிசையில் இருந்தாக வேண்டும். நானும் இந்தப் பக்கத்தில் பிறந்து, என் கல்யாணத்தில் தங்கையை நிறுத்தி இணைச்சீர் கண்டவன்தான். இரண்டு பக்கத்தையும் இரண்டு தரம் பார்த்தேன். மரகதம் என்ற பெயர் எங்கேயும் இல்லை. இருந்த பெயர்களுக்கெல்லாம் டிக் போட்ட நான், இல்லாத பெயரைப் பார்க்கவே இல்லை.

"சொந்தத்த உட்டு வெளிய கல்யாணம் பண்ணிக்கிட்டனுங்க. பதினோரு வருசமாச்சு. எங்கூட்டுல நான் செத்துட்டன்னு தலை முழுகிட்டாங்க. இணைச்சீருக்குச் சித்தப்பன் மகள நிறுத்தியிருக்காங்க, இதோ, அவ பேருதான் போட்டிருக்குது. எங்கிட்டப் பேசுனா அவிங்களையும் ஒதுக்கிருவாங்க. அதான் எம்பட ஊட்டுப் படி ஏறாம அந்த எலெக்ட்ரிக்காரரு மூலமா பொட்டி வாங்குறாங்க. எனக்கு எல்லாந் தெரியும். தெரியாத மாதிரி பில்லு போட்டுக் குடுத்துருவேன்."

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது.

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

மேனேஜர் தடுப்போரம் வந்து நின்றிருந்தார். உறவுக்காக வாங்கினார்கள் என்று நான் எழுதியிருந்தேன். உறவே வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள், பெட்டி நன்றாக இருந்த ஒரே காரணத்துக்காக, சுற்றி வளைத்து ஆள் வைத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த நாற்பத்தொரு பேரில் அந்தப் பத்தொன்பது பேரைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது. கையில் இருந்த ஆகச் சிறந்த ஆதாரத்தை வைத்தே நான் அவரைக் கவிழ்த்திருந்தேன்.

மரகதம் எழுந்தார். "இந்தப் பத்திரிகைய நான் எடுத்துக்கலாங்களா?"

மேனேஜர் தலையசைத்தார். பென்சில் குறியோடு கொடுக்க எனக்குக் கை வரவில்லை. இழுப்பறையில் ரப்பரைத் தேடினேன். மரகதம் தடுத்தார்.

"அழிக்க வேண்டாங்க. இவிங்கெல்லாம் எங்கிட்ட வாங்குனவிங்க. இருக்கட்டும்."

அன்றைக்கு மத்தியானமே மறுபடி எடப்பாடி போனேன். அதே வேப்பமரத்தடி, அதே சித்தப்பா. இந்தத் தரம் முறை கேட்கவில்லை. பெட்டி வருவதற்கு முன்னால் மாதத்தில் எவ்வளவு துணி வீணாகும், வந்த பிறகு எவ்வளவு என்று கேட்டேன். மனுஷர் உள்ளே போய், சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டார். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் எழுதிவைத்திருந்தார்.

"நாங்க அவ மூஞ்சில முழிக்க மாட்டமுங்க," என்றார், என்னைப் பார்க்காமல். "ஆனா அவ பொட்டி இல்லாம தறி போட மாட்டமுங்க. இதுக்கு மேல என்னயக் கேக்காதீங்க." காலண்டரைத் திரும்ப வாங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் சந்தேகப்பட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை தவறு, தவறு என்னுடையது, காரணம் இது என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். திங்கட்கிழமை முதலீட்டாளர் போனில் பேசினார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வியாழக்கிழமை மோசம் என்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பிரமாதம் என்கிறீர்கள். நடுவில் அந்த அம்மாள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து போயிருக்கிறார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்த அறிக்கையை நம்புவீர்கள்?"

நானாக இருந்தால் முதலாவதைத்தான் நம்பியிருப்பேன். அவர் வைத்துவிட்டார். மேனேஜர் இன்னும் மூன்று பேரிடம் பேசிப் பார்த்தார். பெங்களூர்க்காரர் ஏன் விலகினார் என்று எல்லாரும் கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் எங்கள் அறிக்கைக்கு இருந்த மதிப்பு, மரகதத்தின் கழுத்தில் கயிறாக இறுகியது. நாங்கள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த மதிப்பு அது.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு விஷயம். அறிக்கை அனுப்புவதற்கு முன் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, நம் சந்தேகம் அத்தனையையும் அவர் முகத்துக்கு நேரே வைத்து, ஒரு மணி நேரம் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று இப்போது ஒரு விதி இருக்கிறது. நேரம் வீணாகிறது, பொய்யர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று நீங்கள் அலுத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அந்த விதி அடுத்த வாரமே வந்தது. மேனேஜர் தன் கையால் எழுதி, கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பொய் சொல்கிறவர்கள் வருவார்கள், சொல்லட்டும். நான் இப்போதும் யாரையும் நம்புவதில்லை, உங்களையும் சேர்த்துத்தான். ஆனால் எல்லாச் சந்தேகமும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, வேலை லேசாகி, மனதுக்குச் சந்தோஷமாக இருக்கிறதென்றால், அன்றைக்குப் பேனாவை மூடிவையுங்கள். அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன்.

மரகதம் பெட்டியைக் கோயம்புத்தூர்க் கம்பெனிக்கே விற்க முடிவு செய்தார். விற்றுக் கொடுக்கும் வேலையை எங்களுக்கு ஒரு காசும் வேண்டாம் என்று மேனேஜர் ஏற்றுக்கொண்டார். மரகதம் இரண்டு நிபந்தனை வைத்தார். எட்டுப் பெண்களுக்கும் வேலை எடப்பாடியிலேயே இருக்க வேண்டும். விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கக்கூடாது. கோயம்புத்தூர்க்காரர்களும் பெங்களூர் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார்கள். விலை பேசும் அன்று அவர்கள் அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். என் இரண்டாவது அறிக்கையைப் பையில் தயாராக வைத்திருந்தேன். அந்த ஒரு அறிக்கையாவது மரகதத்துக்கு உதவட்டும் என்று நினைத்தேன்.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "உங்க வாடிக்கையாளர்ல பாதிப்பேரு சொந்தக்காரங்கன்னு இந்த ஆபீஸ்லயே எழுதியிருக்காங்களாமே? இப்ப இல்லைன்னு வேற எழுதியிருக்காங்களாம். எதைங்க நாங்க எடுத்துக்கறது?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் பையைத் திறந்தேன். மரகதம் குறுக்கே பேசினார். குரலில் கோபம் இல்லை.

"அவருகிட்டக் கேக்காதீங்க. எடப்பாடி போயி எங்க சித்தப்பனக் கேளுங்க. என்னயத் தெரியுமான்னு கேட்டீங்கன்னா, தெரியாதும்பாரு. அத அப்பிடியே எழுதிக்கங்க. அப்பறம் பொட்டியப் பத்திக் கேளுங்க."

அதிகாரி நோட்டை எடுத்து, சித்தப்பா பட்டறைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அந்த வாசலை மரகதம் மிதித்துப் பதினோரு வருஷமாகிறது. அறிக்கையைப் பையிலேயே விட்டுவிட்டு, நான் வழி சொன்னேன்.